158 சுற்றுகளையும் வரையத்தான் வேண்டுமா? கம்பிச் சுருளை மென்பொருளில் வடிவமைப்பது பற்றி

கேள்வியின் சுருக்கம் இது: 125 கிலோஹெர்ட்ஸ் ஆர்எஃப்ஐடி ரீடருக்கு (டேக் எனும் சிப் அட்டையைத் தொடாமலே படிக்கும் கருவி) 4 செ.மீ. சராசரி விட்டத்தில் ஒரு காற்றுச் சுருள் வேண்டும். 1000 பிகோஃபாரட் கெப்பாசிட்டரோடு சேர்ந்து அது ஒத்ததிர வேண்டும். நீங்கள் 3டி கேட் மென்பொருளில் 0.25 மி.மீ. எனாமல் கம்பியை ஒவ்வொரு சுற்றாக, 158 சுற்றுகளும் வரைந்து சிமுலேஷனில் ஏற்றியிருக்கிறீர்கள். இரவு முழுக்க ஓடி, மெமரி போதவில்லை என்று நின்றுவிட்டது. சுற்றுகளைக் குறைத்து ஓட்டினால் வருகிற எண்ணுக்கும் மீட்டர் காட்டுகிற எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. "எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்பது உங்கள் கேள்வி.

சாஃப்ட்வேர் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த இரவு முழுக்க என்ன நடந்தது என்று பார்ப்போம்.

உங்கள் சுருளில் கம்பியின் மொத்த நீளம் ஏறக்குறைய 20 மீட்டர். 125 கிலோஹெர்ட்ஸில் செம்புக்குள் மின்னோட்டம் இறங்கும் ஆழம், அதாவது தோல் ஆழம், 0.19 மி.மீ. கம்பிக்குள் மின்னோட்டம் எப்படிப் பரவுகிறது என்று மென்பொருள் உருப்படியாகச் சொல்ல வேண்டுமானால் மெஷ் துண்டுகள் (கணக்குக்காக மென்பொருள் வடிவத்தை நறுக்கும் சிறு துண்டுகள்) 0.1 மி.மீ. அளவிலாவது இருக்க வேண்டும். 20 மீட்டரை 0.1 மி.மீ. துண்டுகளாக நறுக்கினால் 2 லட்சம் வில்லைகள். ஒரு வில்லைக்கு 20 துண்டு என்று கஞ்சத்தனமாக வைத்தாலும் செம்புக்கு மட்டுமே 40 லட்சம். இடையிலுள்ள எனாமல், சுற்றியுள்ள காற்று எல்லாம் இதற்கு மேல். சாதாரணக் கணினி தாங்காது. தாங்கினாலும், 2 நிமிடத்தில் வேறு வழியில் கிடைத்திருக்கக்கூடிய அதே எண்தான் கிடைக்கும்.

நானும் இதே குழியில் விழுந்தவன்தான். முதன்முதலில் ஒரு சுருளை மென்பொருளில் போட்டபோது ஹெலிக்ஸ் கட்டளையில் அழகழகாக வரைந்து, செம்பு நிறம் கொடுத்து, பார்த்துப் பார்த்து ரசித்தேன். ஓட்டியதும் 'மின்னோட்டம் தொடர்ச்சியாக இல்லை' என்று பிழை வந்தது. கம்பியின் இரண்டு முனைகளும் காற்றில் தொங்கின. நுழைந்த மின்னோட்டம் வெளியேற வழி இல்லை. முனைகளை இணைத்து வளையத்தை மூட வேண்டும், அல்லது இரண்டையும் கணக்கீட்டு எல்லைச் சுவர்வரை இழுத்துவிட வேண்டும். சில மென்பொருள்கள் இந்தப் பிழையைக்கூடக் காட்டாமல் ஏதோ ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். அதுதான் இன்னும் ஆபத்து.

படமும் மாதிரியும் ஒன்றில்லை. பாபினில் (கம்பி சுற்றும் கூடு) சுருள் உட்காருமா, மூடி மூடுமா, முனைக்கம்பி எந்தப் பக்கம் வருகிறது என்பதற்கெல்லாம் கேட் படம் வேண்டும். இண்டக்டன்ஸுக்கு, அதாவது மின்னோட்ட மாற்றத்தைச் சுருள் எதிர்க்கும் அளவுக்கு, அந்தப் படம் பெரும்பாலும் வேண்டாம். எதை வரைவது என்பதை, உங்களுக்கு எந்த எண் வேண்டும் என்பதுதான் முடிவு செய்யும்.

உங்களுக்கு வேண்டிய முதல் எண் இண்டக்டன்ஸ். 125 கிலோஹெர்ட்ஸ், 1000 பிகோஃபாரட் என்றால் 1.62 மில்லிஹென்றி. இதற்கு ஒரு துண்டுக் காகிதம் போதும். ஹெரால்ட் வீலர் 1928இல் கொடுத்த பல அடுக்குச் சுருள் சூத்திரத்தை சென்டிமீட்டருக்கு மாற்றினால் இப்படி வரும்:

மைக்ரோஹென்றி = 0.315 × (சராசரி ஆரம்)² × (சுற்றுகள்)² ÷ (6 × ஆரம் + 9 × சுருளின் அகலம் + 10 × அடுக்குகளின் தடிமன்)

ஆரம் 2 செ.மீ., அகலம் 0.5 செ.மீ., தடிமன் 0.3 செ.மீ. என்று எடுத்துக்கொள்வோம். கீழே 12 + 4.5 + 3 = 19.5. 158 சுற்றுக்கு 1.61 மில்லிஹென்றி. நீங்கள் எப்படி 158க்கு வந்தீர்கள் என்பது எனக்கு இப்போது புரிகிறது. இணையக் கால்குலேட்டர்களில் பல உள்ளுக்குள் இதே சூத்திரத்தைத்தான் வைத்திருக்கின்றன.

ஆனால் இந்தச் சூத்திரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. கீழே உள்ள மூன்று உறுப்புகளும் ஏறக்குறைய சமமாக இருக்கும்போதுதான் அது 1 சதவீதத்துக்குள் சரியாக வரும். உங்களுடையது 12, 4.5, 3. சமம் என்று சொல்ல முடியாது. பெரிய வளையம், மெல்லிய கட்டு என்ற உங்கள் வடிவத்துக்குப் பொருத்தமான இன்னொரு தோராயம் உண்டு. கட்டின் குறுக்குவெட்டுக்கு ஒரு 'வடிவியல் சராசரித் தூரம்' கண்டு, வட்ட வளையத்தின் சூத்திரத்தில் போடுவது. அதில் 1.57 வருகிறது. வீலரைவிட 3 சதவீதம் குறைவு. 1.62 வேண்டுமென்றால் 158க்குப் பதில் 161 சுற்று. இந்த மூன்று சுற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

இப்போது மென்பொருள். உங்கள் சுருள் வட்டமானது. அச்சைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி. அப்படியானால் முப்பரிமாணம் எதற்கு? அச்சு வழியே ஒரு வெட்டு வெட்டி அதன் பாதியை மட்டும் வரைந்தால் போதும். டேவிட் மீக்கர் எழுதிய எஃப்இஎம்எம் என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே பிறந்தது போல இருக்கும். புதிய கணக்கு திறக்கும்போது 'அச்சுச் சமச்சீர்' என்று தேர்ந்தெடுங்கள். நீள அலகை மில்லிமீட்டராக்குங்கள். அதிர்வெண் 125000. பிறகு ஒரே ஒரு செவ்வகம்: அச்சிலிருந்து 18.5 முதல் 21.5 வரை, செங்குத்தாக −2.5 முதல் +2.5 வரை. அவ்வளவுதான் சுருள். 158 வட்டங்கள் வேண்டாம். அந்தச் செவ்வகத்தின் பொருளைச் செம்புக் கம்பி என்றும், கம்பி விட்டம் 0.25 என்றும் குறித்து, ஒரு மின்சுற்றோடு தொடர் இணைப்பில் சேர்த்து, சுற்றுகள் 158 என்று எழுதிவிட்டால், கட்டுக்குள் கம்பிகள் நிறைந்திருப்பதை மென்பொருளே கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

சில ஆயிரம் முக்கோணங்கள், சில நொடிகள். முடிவில் காந்தப்பாயப் பிணைப்பை மின்னோட்டத்தால் வகுத்தால் இண்டக்டன்ஸ். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து அதன் மெய்ப்பகுதியை எடுத்தால் அந்த அதிர்வெண்ணில் உள்ள மின்தடை. 1.57க்கு மிகப் பக்கத்தில் வர வேண்டும். 1.4 என்று வந்தால் சுருளைத் திரும்பப் பார்க்காதீர்கள், எல்லையைப் பாருங்கள். புதிதாகச் செய்பவர்கள் சுருளுக்கு ஒட்டினாற்போல் காற்றுப் பெட்டியை வரைந்து அதன் ஓரத்தில் பூஜ்ஜியம் என்று நிபந்தனை போட்டுவிடுவார்கள். காந்தப்புலம் அந்தச் சுவரைத் தாண்ட முடியாமல் உள்ளே நசுங்கும், இண்டக்டன்ஸ் குறையும். உண்மையில் ஓர் உலோக டப்பாவுக்குள் சுருளை வைத்ததற்குச் சமம் அது. எஃப்இஎம்எம்மில் 'திறந்த எல்லை' அமைக்க ஒரு பொத்தானே இருக்கிறது. அது இல்லாத மென்பொருளில் சுருளின் ஆரத்தைப் போல ஐந்தாறு மடங்காவது தள்ளி எல்லையை வையுங்கள். பிறகு அதை இரட்டிப்பாக்கி இன்னொரு முறை ஓட்டுங்கள். எண் அசையாவிட்டால் போதும்.

மென்பொருளே வேண்டாம், நானே எழுதிக்கொள்கிறேன் என்பவர்களுக்கு மேக்ஸ்வெல் காலத்து வழி இன்னும் புதிதாகவே இருக்கிறது. ஒரே அச்சிலுள்ள இரண்டு வட்ட வளையங்களுக்கு இடையேயான பரஸ்பர இண்டக்டன்ஸுக்கு அவர் நீள்வட்டத் தொகையீடுகளில் ஒரு சூத்திரம் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு சுற்றையும் ஒரு வளையமாகக் கருதி எல்லா ஜோடிகளையும் கூட்டினால் மொத்த இண்டக்டன்ஸ். 158 × 158 என்பது 25 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான கூட்டல். பைதானில் கண் சிமிட்டும் நேரம். ஒரு சுற்று தன்னோடே கொள்ளும் பிணைப்புக்கு, இரண்டு வளையங்களுக்கு நடுவிலுள்ள தூரத்தை கம்பி ஆரத்தின் 0.7788 பங்கு என்று வைக்க வேண்டும். சைபை நூலகத்தின் நீள்வட்டச் சார்புகள் கேட்பது மாடுலஸை அல்ல, மாடுலஸின் வர்க்கத்தை. இதைக் கவனிக்காமல் நான் ஒரு முழு மாலையைத் தொலைத்திருக்கிறேன். விடை தப்பாக வரும், ஆனால் நம்பும்படியான தப்பாக வரும்.

இண்டக்டன்ஸ் எளிது. மின்தடைதான் வேடிக்கை காட்டும். சுருள் வடிவமைப்பில் மென்பொருள் உண்மையிலேயே சம்பளத்துக்கு வேலை செய்வது இங்கேதான்.

உங்கள் கம்பியின் நேர்மின் மின்தடை 7 ஓம். மல்டிமீட்டரிலும் அதுதான் வரும். கம்பி விட்டம் 0.25, தோல் ஆழம் 0.19, ஆகவே தோல் விளைவு பெரிதாக இருக்காது என்று பலரும் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். தனிக் கம்பியாக நீட்டி வைத்தால் அது சரி. கட்டாகச் சுற்றியபின் கதை வேறு. ஒவ்வொரு கம்பியும் மற்ற 157 கம்பிகளின் காந்தப்புலத்துக்குள் கிடக்கிறது. அந்தப் புலம் நொடிக்கு 125 ஆயிரம் முறை முன்னும் பின்னும் புரண்டு, ஒவ்வொரு கம்பிக்குள்ளும் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்புகிறது. அண்மை விளைவு என்பது இதுதான். உங்கள் அளவுகளைப் போட்டுக் கையால் ஒரு தோராயம் பார்த்தேன்: அண்மை விளைவால் மட்டும் 15 ஓம் கூடுகிறது. மொத்தம் 22 ஓம். மல்டிமீட்டர் சொன்னதைப் போல 3 மடங்கு.

சரி, தடித்த கம்பி போட்டால் குறையுமா? இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். கம்பி விட்டம் கூடும்போது நேர்மின் மின்தடை விட்டத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. அண்மை இழப்போ விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் ஏறுகிறது. எனவே அதே செவ்வகத்துக்குள் அதே 158 சுற்றை 0.2 மி.மீ. கம்பியில் சற்றுத் தளர்வாகச் சுற்றினால் மல்டிமீட்டரில் 7 ஓம் 11 ஓமாக ஏறும். ஆனால் 125 கிலோஹெர்ட்ஸில் 22 ஓம் 17 ஓமாக இறங்கும். மெலிந்த கம்பி, குறைந்த இழப்பு. உங்கள் சுருளுக்கு 0.2 மி.மீ.க்குப் பக்கத்தில்தான் அடிமட்டம் இருக்கிறது. அதற்குக் கீழே போனால் மறுபடி ஏறும். எஃப்இஎம்எம்மில் கம்பி விட்டத்தை மட்டும் 0.3இலிருந்து 0.1 வரை மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். லூவா ஸ்கிரிப்டில் பத்து வரி. அந்த வளைவைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு எந்தச் சுருளையும் மல்டிமீட்டர் வைத்து மதிப்பிட மாட்டீர்கள்.

வேறு மென்பொருளில் ஓட்டும்போது ஒரு எச்சரிக்கை. ஆன்சிஸ் மேக்ஸ்வெல் போன்றவற்றில் கடத்தியை 'இழைக்கம்பி' என்றோ 'திடக்கடத்தி' என்றோ குறிக்கச் சொல்வார்கள். இழைக்கம்பி என்றால் மின்னோட்டம் குறுக்குவெட்டு முழுக்க ஒரே சீராகப் பரவுகிறது என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். இண்டக்டன்ஸுக்கு அது நல்லதுதான். மின்தடையைக் கேட்டால் மல்டிமீட்டர் மதிப்பையே திருப்பிக் கொடுக்கும், சுழல் மின்னோட்டம் அதில் இருக்காது. திடக்கடத்தி என்று ஒரே செவ்வகத்துக்குக் கொடுத்தால் இன்னும் மோசம்: அது 158 சுற்று இல்லை, தடித்த ஒற்றைச் செம்பு வளையம். மின்தடை எண் சந்தேகம் தரும்படி அழகாக வந்தால் முதலில் இந்தத் தேர்வைப் பாருங்கள்.

இனி கொஞ்சம் பின்வாங்குகிறேன். இவ்வளவு சொல்லிவிட்டு, உங்கள் ரீடருக்கு இந்த 22 ஓமா 17 ஓமா என்பது முக்கியமே இல்லை என்றால் திட்டுவீர்கள். ஆனால் அதுதான் நிலவரம். 125 கிலோஹெர்ட்ஸில் உங்கள் சுருளின் வினைமறிப்பு (இண்டக்டன்ஸால் வரும் தடுப்பு) 1270 ஓம். 17 ஓமால் வகுத்தால் தரக்காரணி (இழப்பு குறையக் குறைய ஏறும் எண்) 75. அதிர்வெண்ணைத் தரக்காரணியால் வகுத்தால் பட்டை அகலம்: 1.7 கிலோஹெர்ட்ஸ். டேக் அனுப்பும் தரவோ வழக்கமாக 64 அலைக்கு ஒரு பிட், அதாவது நொடிக்கு 2 ஆயிரம் பிட்டுக்குச் சற்றுக் குறைவு. அதன் பக்கப்பட்டைகளே இந்த 1.7க்குள் அடங்கத் திணறும். ஆகவே, கடைசியில் நீங்களே ஒரு மின்தடையைத் தொடரில் போட்டுத் தரக்காரணியைக் குறைக்கத்தான் போகிறீர்கள். லிட்ஸ் கம்பி, அதாவது தனித்தனியாகக் காப்பிட்ட மெல்லிய இழைகளை முறுக்கிய கம்பி, தேடி அலைய வேண்டாம். 0.08 மி.மீ. இழை ஏழு சேர்ந்த லிட்ஸ் போட்டால் 11 ஓம்வரை இறங்கும், தரக்காரணி நூறைத் தாண்டும். உங்களுக்கு அது கெடுதல்.

இதே கணக்கு கம்பியில்லா சார்ஜர் சுருளுக்கு என்றால் கதை தலைகீழ். அந்த சார்ஜர்களுக்கான கியூ (Qi) தரத்தின் வழக்கமான அதிர்வெண்ணும் 100 முதல் 200 கிலோஹெர்ட்ஸ் பக்கம்தான். அங்கே ஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் ஓடுகிறது, ஒவ்வொரு ஓமும் வெப்பம். லிட்ஸ் அங்கே சரியான தேர்வு. செம்பு சூடாவதால் மின்தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் கூடுவதையும் சேர்க்க வேண்டும். 60 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட கால் பங்கு அதிகம். அதோடு இரண்டு சுருள்கள் ஒன்றுக்கொன்று சற்று நகர்ந்திருந்தால் பிணைப்பு எவ்வளவு குறையும் என்பதும் அங்கே தேவை. நகர்ந்தவுடன் அச்சுச் சமச்சீர் போய்விடுகிறது. முப்பரிமாணம் நியாயமாகத் தேவைப்படும் இடம் அது. அப்போதும் சுற்றுகளை வரைய வேண்டாம். வளைய வடிவத்தில் ஒரு கட்டி, அதற்குள் இத்தனை சுற்று என்று சொன்னால் போதும். காம்சால், ஆன்சிஸ் போன்ற விலையுள்ளவற்றில் இதற்கு நேரடி வசதி இருக்கிறது. எல்மர், கெட்டிடிபி போன்ற இலவசங்களிலும் செய்யலாம், கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும்.

பிசிபியில், அதாவது மின்சுற்றுப் பலகையில், பதிக்கும் சுருள் வேறு ஜாதி. சுற்றுகள் குறைவு, தடங்கள் தட்டையானவை, சதுர வடிவம். அதற்கு எம்ஐடியில் 1990களில் எழுதப்பட்ட ஃபாஸ்ட்ஹென்றியைப் பரிந்துரைப்பேன். அதில் காற்றுக்கு மெஷ் போட வேண்டியதே இல்லை. கடத்தியை நேர்க்கோட்டுத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மெல்லிய இழைகளாக வகுத்துக் கணக்கிடுகிறது. துண்டுகளின் முனைகளை ஓர் உரைக்கோப்பில் எழுதினால் போதும். முகப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பழைய காலத்து மென்பொருள், ஆனால் கணக்கு சுத்தம்.

முதல் மதிப்பீட்டுக்கு, தட்டைச் சுருள்களுக்கென்று 1999இல் மோகனும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிட்ட திருத்திய வீலர் சூத்திரம் இருக்கிறது. 13.56 மெகாஹெர்ட்ஸ் என்எஃப்சி டேக் சிப் ஒன்று, உள்ளே 50 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேண்டியது 2.75 மைக்ரோஹென்றி. 42 மி.மீ. சதுரம், தடம் 0.5, இடைவெளி 0.5, ஆறு சுற்று: சூத்திரத்தில் 2.73 வருகிறது. அப்படியே அச்சடிக்க அனுப்பிவிடாதீர்கள். தடங்களுக்கு இடையிலும் சிப்பின் காலடியிலும் 3 பிகோஃபாரட் மறைந்திருந்தாலே ஒத்ததிர்வு 13.17க்கு இறங்கிவிடும். அடியில் தரைச் செம்புத் தளம் இருந்தால் அது ஒரே சுற்றுள்ள குறுக்கிணைந்த சுருளாகி உங்கள் புலத்தையே எதிர்க்கும்; இண்டக்டன்ஸும் விழும், படிக்கும் தூரமும் விழும். கைகேட் என்ற பிசிபி வரைவு மென்பொருளில் வரையும்போது இன்னொரு சில்லறைத் தொந்தரவு: சுருள் என்பது இரண்டு வெவ்வேறு இணைப்புகளைச் செம்பாலேயே சேர்ப்பது, ஆகவே விதிச்சோதனை அதைக் குறுக்கிணைப்பு என்று அலறும். சுருளை ஒரு ஃபுட்பிரிண்டாகச் செய்து, இரண்டு முனைகளும் சேர்வது வேண்டுமென்றே என்று அதில் குறித்துவிட்டால் அடங்கும்.

ஃபெர்ரைட் (சுருளுக்குள் கோராக வைக்கும் காந்தப் பொருள்) பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். காற்று இடைவெளி விட்ட மூடிய கோரில் இண்டக்டன்ஸை இடைவெளிதான் தீர்மானிக்கிறது, ஃபெர்ரைட் இல்லை. காந்தப்பாதை 60 மி.மீ., ஊடுருவுதிறன் 2000 என்றால் அந்தப் பாதை 0.03 மி.மீ. காற்றுக்குத்தான் சமம். இடைவெளி 0.5 மி.மீ. இருந்தால் மொத்தம் 0.53. ஃபெர்ரைட்டின் ஊடுருவுதிறன் 25 சதவீதம் குறைந்து வந்தாலும் 0.54தான் ஆகும், 2 சதவீத மாற்றம். ஆகவே மென்பொருளில் பொருளின் பண்பைத் தேடி நாள்கணக்கில் அலைவதைவிட இடைவெளியைத் துல்லியமாக வரைவது மேல். அந்த இடைவெளியின் ஓரத்தில் புலம் வெளியே பிதுங்கும், அங்கே கம்பி வைத்தால் சுடும். அதையும் மென்பொருளில் பார்க்கலாம்.

மீட்டரோடு ஒட்டாத விஷயத்துக்கு வருவோம். சுருளின் சுற்றுகளுக்கு இடையே கெப்பாசிட்டன்ஸ் இருக்கிறது. காந்தப்புல மென்பொருளுக்கு அது தெரியாது, மீட்டருக்குத் தெரியும். சுருளின் தன் ஒத்ததிர்வை நெருங்க நெருங்க மீட்டர் காட்டும் இண்டக்டன்ஸ் ஊதிக்கொண்டே போகும். தன் ஒத்ததிர்வின் பத்தில் ஒரு பங்கில் அளந்தால் 1 சதவீதம்தான் கூடும். மூன்றில் ஒரு பங்கில் அளந்தால் 12.5 சதவீதம். உங்கள் சுருளுக்கு 20 பிகோஃபாரட் என்று வைத்தால் தன் ஒத்ததிர்வு 880 கிலோஹெர்ட்ஸ் பக்கம். 125இல் 2 சதவீதம் கூடுதலாகத் தெரியும். இந்த 20 வெளிக் கெப்பாசிட்டரின் 1000உடன் சேர்வதால் உங்களுக்கு உண்மையில் 1.62 வேண்டாம், 1.59 போதும். மேலே மூன்று சுற்றுக் கூட்டச் சொன்னேனே, அதில் இரண்டை இது திரும்ப எடுத்துக்கொள்கிறது. 159 சுற்று. உங்கள் 158 கிட்டத்தட்ட சரிதான், ஆனால் இரண்டு தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால் சரி.

மின்சுற்று சிமுலேஷனுக்குப் போகும்போது இந்த மூன்று எண்களையும் எடுத்துப் போங்கள்: 1.59 மில்லிஹென்றி, அந்த அதிர்வெண்ணின் மின்தடை, இணையாக 20 பிகோஃபாரட். எல்டிஸ்பைஸில் வெறும் இண்டக்டரை வைத்து மின்தடையை நிரப்பாமல் விட்டால் அது தானாக 1 மில்லிஓம் என்று வைத்துக்கொள்ளும். உங்கள் சுருளின் தரக்காரணி 12 லட்சத்துக்கு மேல் என்று சொல்வதற்குச் சமம். ஒத்ததிர்வில் ஆயிரக்கணக்கான வோல்ட் காட்டி, எல்லாம் பிரமாதம் என்று உங்களை நம்பவைக்கும்.

அந்த 20 பிகோஃபாரட் நான் வைத்துக்கொண்ட எண். உங்கள் சுருளில் எவ்வளவு என்று அளந்துதான் தெரிய வேண்டும்; கெப்பாசிட்டன்ஸைக் கணக்கிட்டுக் கொடுக்கும் எந்த மென்பொருளையும்விட அளப்பது எளிது. முதலில் 1000 பிகோஃபாரட், பிறகு 220, இரண்டும் சிஓஜி வகை (வெப்பத்தால் மதிப்பு அதிகம் மாறாத) கெப்பாசிட்டர். ஒவ்வொன்றையும் சுருளோடு இணைத்து ஒத்ததிர்வு அதிர்வெண்ணைக் குறியுங்கள். சிக்னல் ஜெனரேட்டரை நேரடியாக இணைக்க வேண்டாம். இரண்டு மூன்று சுற்றுள்ள ஒரு சின்ன வளையத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் போதும். ஆசிலாஸ்கோப்பையும் அப்படியே இன்னொரு வளையத்தால் இணையுங்கள், ஏனென்றால் புரோபை நேரே வைத்தால் அதன் 10, 15 பிகோஃபாரட்டையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள். மேசை உலோகமாக இருந்தால் சுருளை ஓர் அட்டைப் பெட்டியின்மேல் தூக்கி வையுங்கள்.

எடுத்துக்காட்டாக முதலாவது 125.0, இரண்டாவது 257.6 என்று வந்தால், பெரியதைச் சிறியதால் வகுத்து வர்க்கப்படுத்துங்கள்: 4.25. 1000இலிருந்து 4.25 × 220ஐக் கழித்தால் 65. அதை 3.25ஆல் வகுத்தால் 20. அதுதான் சுருளின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸ். 1000 என்று எழுதியிருப்பது உண்மையில் 1010ஆக இருந்தால்கூட விடை 3 பிகோஃபாரட் நகரும், ஆகவே கெப்பாசிட்டர்களையும் அளந்துகொள்வது நல்லது.

விடை 50ஐத் தாண்டி வந்தால் மென்பொருளை மூடிவைத்துவிட்டு பாபினைப் பாருங்கள். முதல் அடுக்கு தொடங்கிய முனைக்கம்பி கடைசி அடுக்கின்மேலேயே மடங்கி வெளியே வந்துகொண்டிருக்கும்.